கொடி முசியே செய்த தொட்டில் பலகை

புதுச்சேரியில் கவர்னருக்கு அடுத்தபடி அதிகாரம் உள்ளவர் யார் என்று கேட்டால், சிலர் மேயர் என்பார்கள், சிலர் மாதா கோவில் மேற்றிராணியார் என்பார்கள். எங்கள் தெருவில் கேட்டிருந்தால் கொடி முசியே என்று சொல்லியிருப்போம்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. கவர்னரே தமக்கு அடுத்தபடிதான் என்பது கொடி முசியேயின் சொந்த அபிப்பிராயம். "கவுர்னர் தொரை ஒரு படக நிறுத்தட்டும் பாக்கலாம். நா நூறு படக நிறுத்துவேன், ஒரே ஒரு துணிய வெச்சி," என்பார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கடற்கரையில் கப்பல் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கொடிமரத்தில் கொடி ஏற்றுவதுதான் அவருடைய உத்தியோகம். எங்கள் ஊரில் கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். சாமான்களைப் படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அலை மிஞ்சினால் கொடி முசியே சிவப்புக் கொடியை ஏற்றுவார். அதன் பிறகு எந்தப் படகும் நகராது. கப்பல்காரன் கரடியாகக் கத்தினாலும் சரி, வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டாலும் சரி, முசியே இடுப்பில் கை வைத்துக்கொண்டு கடலை முறைத்துப் பார்த்தபடி நிற்பார். கடலே அவருக்குப் பயந்து அடங்குகிற மாதிரி இருக்கும்.

மேலே பித்தளைப் பொத்தான் வைத்த கறுப்புக் கோட்டு, தலையில் தொப்பி, கீழே நாலு முழ வேட்டி. கால்சட்டை தைக்கக் கொடுத்திருப்பதாக, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பிரெஞ்சு பேப்பர் ஒன்றை எப்போதும் கக்கத்தில் வைத்திருப்பார். அதைப் பிரித்து யாரும் பார்த்ததில்லை.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீடும் அவர் வீடும் ஒட்டினாற்போல் இருந்தன. கடற்கரைக் கொடிமரம் போதாதென்று தம் வீட்டு மொட்டை மாடியிலும் பழைய தோணியின் பாய்மரம் ஒன்றை நட்டுவைத்திருந்தார். அதில் வெள்ளைக் கொடி பறந்தால் முசியே வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். மஞ்சள் பறந்தால் தூங்குகிறார். சிவப்பு பறந்தால் கோபமாக இருக்கிறார், கதவைத் தட்டக் கூடாது. நீலம் பறந்தால் அன்று மழை வராது, பெண்கள் வடகம் காயவைக்கலாம்.

எதிர்வீட்டு ரொட்டிக்கார அம்மாள் ஒரு தடவை அந்த நீலக் கொடியை நம்பினாள்.

"முசியே, ஒரு மொறம் வடகம் போட்டேன். எல்லாம் கரஞ்சி சாக்கடைல ஓடுது. இன்னா கொடி ஏத்தனீங்க நீங்க?"

"நா சொன்னது கடல்லேருந்து வர்ற மழைக்கு. இது மேற்காலேருந்து வந்த மழை. அது எங்க ஆபீஸ்ல சேராது."

தெருவில் யாராவது இறந்துபோனால் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார். அது ஒரு பெரிய சடங்கு. கயிற்றைக் கட்டிவிட்டு, மாடியிலிருந்து இறங்கித் தெருவுக்கு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். திருப்தி இருக்காது. திரும்ப ஏறி நாலு விரல் உயர்த்துவார். திரும்ப இறங்கி வருவார். இழவு வீட்டுக்கு வந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"பாதின்னா பாதிதான் வாத்தியாரே," என்று என்னிடம் ஒரு நாள் விளக்கினார். "மேல இருந்துச்சின்னா துக்கம் பத்தலன்னு அர்த்தம். கீழ இருந்துச்சின்னா கயிறு அவுந்துட்டுதுன்னு அர்த்தம்."

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஒரு ரம்பம் வந்து சேர்ந்த கதையைச் சொல்லவேண்டும்.

வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் ஊருக்குப் புறப்பட்டபோது வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். முசியே போய் ஒரு தையல் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தார். காற்றில் கிழிகிற கொடிகளைத் தைக்க அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது. இரும்புக் கால், மிதிப்பலகை, பக்கத்தில் சக்கரம், மேலே வளைந்து நீளும் கை, எல்லாம் சரியாக இருந்தன. ஊசியை மட்டும் காணோம். என்னைக் கூப்பிட்டார். இழுப்பறையைத் திறந்து பார்த்தோம். உள்ளே ஒரு பொட்டலத்தில் நூலைப் போல மெல்லிய கம்பிகள் இருந்தன. விரலால் தடவினேன். பல் இருந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவன். "முசியே, இது தையல் மெஷின் இல்ல. ரம்பம். மெல்லிசான பலகைல பூ, பறவைன்னு வளைச்சி வளைச்சி அறுக்கறது. அவங்க ஊர்ல பொழுதுபோகாத பெரிய மனுஷங்க செய்வாங்க," என்றேன்.

முசியே கொஞ்ச நேரம் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"தெரியும் வாத்தியாரே. தெரிஞ்சிதான் எடுத்தேன். தைக்கறதுக்கு ஊர்ல தையக்காரனா இல்ல?" என்றார்.

அதே இழுப்பறையில் பிரெஞ்சு மொழியில் அச்சடித்த மாதிரிப் படங்கள் ஒரு கட்டு இருந்தன. படத்தைப் பலகைமேல் ஒட்டி, கோட்டின்மேலேயே அறுத்துக்கொண்டு போகவேண்டும். முசியே அந்தக் கட்டையும் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் பிலோமினா பிரசவத்துக்கு வந்திருந்தாள். எங்களுக்கு ஒரே பெண். காரைக்காலில் கொடுத்திருந்தோம். கலியாணமாகி ஐந்து வருஷம் கழித்து உண்டான முதல் கர்ப்பம். உடம்பு பலவீனமாக இருந்ததால் படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாடி அறையில் ஜன்னல் ஓரம் படுத்திருப்பாள். அவள் இருமினால் நான் நாடி பிடித்துப் பார்ப்பேன். இருமாவிட்டால் ஏன் இருமவில்லை என்று போய்ப் பார்ப்பேன். "அப்பா, பள்ளிக்கூடத்துக்குப் போங்க," என்று விரட்டுவாள்.

அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் கொடி முசியேயின் முற்றம் தெரியும். முற்றத்தின் நடுவில் முசியேயும் ரம்பமும்.

முதல் வாரம் பலகை ரம்பத்தின்மேல் குதித்தது. முசியே மிதிக்க மிதிக்க அது தவளை மாதிரி எழும்பி எழும்பி விழுந்தது. மரம் சரியில்லை என்று வேறு மரம் மாற்றினார். அதுவும் குதித்தது. கையால் அமுக்கினார், முழங்கையால் அமுக்கினார். கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கிப் பலகைமேல் வைத்துக்கொண்டு மிதித்தார். குழவி உருண்டு கால் பெருவிரலில் விழுந்தது. அன்று மாடியில் சிவப்புக் கொடி பறந்தது.

மறுநாள் ஜன்னலிலிருந்து என் மகளின் குரல் கேட்டது. "கொடி மாமா, ரம்பத்து அலகைத் தலகீழா மாட்டியிருக்கீங்க. பல்லு மேல பாக்குது பாருங்க. அது மேல ஏறும்போது கடிக்குது, பலகையும் கூடவே ஏறுது. கீழ பாக்க மாட்டுங்க."

முசியே அலகைக் கழற்றித் திருப்பி மாட்டினார். மிதித்தார். பலகை சாதுவாகக் கிடந்தது.

"பௌதிக வாத்தியார் வூட்ல யாருக்கு மூளன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது," என்று மேலே பார்த்துச் சொன்னார். நான் தாழ்வாரத்தில் நிற்பது தெரிந்தேதான் சொன்னார்.

அதற்குப் பிறகு இருவருக்கும் சிநேகிதமாகிவிட்டது. ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும். அதில் மோரோ பலகாரமோ இருக்கும். கூடை மேலே போகும்போது அறுத்த துண்டு ஏதாவது இருக்கும். முதலில் போனது ஒரு மீன். பூனை என்று நினைத்து என் மனைவி அதைப் பாராட்டினாள்.

அலகு மகா மெல்லிசு. வளைவில் அவசரப்பட்டுத் திருப்பினால் டிங்கென்று ஒடிந்துவிடும். ஒவ்வொரு அலகு ஒடிந்தபோதும் முசியே மாடிக்குப் போய்க் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார். முதல் தடவை ரொட்டிக்கார அம்மாள் மாவுக் கையோடு தெருவுக்கு ஓடிவந்துவிட்டாள்.

"ஐயோ, யாரு முசியே? யாரு போயிட்டாங்க?"

"அலகும்மா. மொத அலகு. நல்லா ஒழைச்சுது."

"கட்டைல போற மனுஷா, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு," என்று வைதுவிட்டுப் போனாள். மாடி ஜன்னலில் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரிக்கக் கூடாது என்று நான் அவளைக் கண்டித்தேன். அந்த மாதத்தில் எங்கள் தெருக் கொடி கம்பத்தின் உச்சிக்குப் போன நாட்கள் குறைவு.

பிறகு முசியே வீட்டில் சாமான்களுக்குக் கதவுகள் காணாமல்போக ஆரம்பித்தன. அலமாரிக்குக் கதவு இல்லை. மேஜைக்கு இழுப்பறை இல்லை. தேக்குப் பலகை வேண்டியிருந்தது என்றார். ஏதோ பெரிதாகச் செய்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. கேட்டால், "முடியட்டும், காட்றேன்," என்பார்.

ஒரு நாள் மத்தியானம், பிலோமினா தூங்கவேண்டும், சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லலாம் என்று அவர் முற்றத்துக்குப் போனேன். அங்கே ஒரு தொட்டில் நின்றுகொண்டிருந்தது. நாலு கால், பக்கச் சட்டம், எல்லாம் ஆகிவிட்டன. தலைமாட்டில் வைக்கவேண்டிய பலகை ரம்பத்தின்மேல் இருந்தது. அதில் காவல் சம்மனசு ஒருவர், குழந்தைகளைக் காக்கும் தேவதூதர், சிறகு விரித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு முசியே இது?"

முசியே தொப்பியைக் கழற்றினார். "பொறக்கப்போற புள்ளைக்கு."

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறப்பதற்கு முன் அதற்கென்று எதுவும் செய்யமாட்டோம். சட்டை தைக்கமாட்டோம், தொட்டில் வாங்கமாட்டோம். வாங்கினால் பிள்ளை தங்காது என்பார்கள். பழந்துணிதான் மடித்துவைத்திருக்கும். என் மனைவியிடம் இதைப் பற்றி நான் பலமுறை பிரசங்கம் செய்திருக்கிறேன். மரத்துக்கும் கருவுக்கும் என்ன சம்பந்தம், காரணம் இல்லாமல் காரியம் ஏது என்றெல்லாம் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு அந்தத் தொட்டிலைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. அதை மறைத்துக்கொள்ளப் பலகையைப் பார்த்துச் சிரித்தேன்.

"முசியே, சம்மனசுக்கு ஒரு ரெக்கதான் இருக்குது."

"படத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

"பாதி மூஞ்சிதான் இருக்குது."

"பக்கவாட்டுல பாக்கறாரு."

மாதிரிப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அடியில் பிரெஞ்சில் ஒரு வரி இருந்தது. இது பாதிப் படம்; தாளை நடுக்கோட்டில் மடித்து மறுபாதியைப் பிரதி எடுத்துக்கொள்ளவும். படித்துச் சொன்னேன். கக்கத்தில் எப்போதும் பிரெஞ்சு பேப்பர் வைத்திருந்த மனிதர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் சிவந்துவிட்டது.

"இன்னொரு பாதியையும் செஞ்சிட்டாப் போச்சு," என்றார் கடைசியில். "இன்னும் ஒரு மாசம் இருக்குதுல்ல."

"எதுவா இருந்தாலும் மூடி வைங்க. வூட்டுக்குக் கொண்டாராதீங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு மாதம் இருக்கவில்லை. எட்டு நாள் கழித்து, விடிந்ததும் வலி கண்டது. டாக்டரும் மருத்துவச்சியும் வந்தார்கள். பத்து மணிக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. அழவில்லை. மருத்துவச்சி ஞானஸ்நானம் கொடுப்பதற்குக் கிண்ணத்தில் தண்ணீரோடு காத்திருந்தாள். உயிர் ஒரு துளி இருந்தால் ஊற்றலாம். டாக்டர் காது வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். அந்தக் கிண்ணம் தரையில் பட்ட சத்தம்தான் எனக்கு இன்றும் கேட்கிறது.

ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்குப் பெயர் கிடையாது, பூசை கிடையாது, கோவில் மணி அடிக்கமாட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் இடம் இல்லை, மதில் ஓரத்தில் தனியாக வைப்பார்கள். சாமியார் வந்து மெதுவாகத்தான் சொன்னார். அவர் மேல் குற்றம் இல்லை. சாயங்காலம் சிறு பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன்.

கொடி முசியே தம் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மீசையிலும் கோட்டிலும் மரத்தூள். அந்தத் தூளைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை.

"உங்க தொட்டில் என் பேரன அனுப்பிடுச்சி முசியே. இப்பவாவது அந்த ரம்பத்த நிறுத்துவீங்களா?"

தெருவே கேட்கச் சொன்னேன். முசியே வாயைத் திறந்தார். என் வீட்டு மாடி ஜன்னலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு, "மன்னிச்சிக்கணும் வாத்தியாரே," என்றார். அவ்வளவுதான்.

கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது அவர் மாடியில் கொடி பாதிக் கம்பத்தில் நின்றது. எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒடிந்த அலகுக்கு இறக்கிய அதே கொடி. கதவைத் தட்டி உடைக்கப் போனேன். ரொட்டிக்கார அம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"வேணாம் வாத்தியாரே. கோவில்ல மணி அடிக்கல. ஊர்ல யாரும் ஒண்ணும் செய்யல. அந்த ஆளு ஒருத்தர்தான் செய்றாரு. ஏழு தடவ எறங்கி வந்து பாத்தாரு, சரியா இருக்குதான்னு. கண்ணு தெரியாம தொடச்சித் தொடச்சிப் பாத்தாரு."

நான் என் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தக் கொடி பல நாள் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது. அதன் பிறகு அந்தக் கம்பத்தில் எந்தக் கொடியும் ஏறவில்லை. வெள்ளை இல்லை, சிவப்பு இல்லை. முசியே வீட்டில் இருக்கிறாரா, தூங்குகிறாரா என்பது தெருவுக்குத் தெரியாமல்போயிற்று. பெண்கள் தாங்களே வானத்தைப் பார்த்து வடகம் போட்டார்கள். ரம்பத்தின் சத்தமும் இல்லை. பிலோமினா உடம்பு தேறிக் காரைக்காலுக்குப் போனாள். முசியே எதிரே வந்தால் நான் அடுத்த சந்தில் திரும்பிவிடுவேன். என்னை முதலில் பார்த்துவிட்டால் அவர் அதற்கு முந்திய சந்தில் திரும்பிவிடுவார். இப்படி இரண்டு வயதானவர்கள் ஒன்றரை வருஷம் சந்து சந்தாக ஒளிந்து விளையாடினோம்.

கல்லறைத் திருநாள் வந்தது. ஊரே மெழுகுவத்தியும் பூவும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும் நாள். முந்திய வருஷம் நான் போகவில்லை. மதில் ஓரத்துக்குப் போக மனம் துணியவில்லை. இந்த வருஷம் பிலோமினா மறுபடியும் கர்ப்பமாக வந்து மாடி அறையில் படுத்திருந்தாள். பயம்தான் என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தியது.

புதர் மண்டிக் கிடக்கும், இடம் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு போனேன். கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. மதில் ஓரம் முழுவதும் புதராக இருந்தது; ஒரே ஒரு சதுரத்தில் மட்டும் புல் செதுக்கி மணல் தூவியிருந்தது. அதன் தலைமாட்டில் ஒரு தேக்குப் பலகை நட்டிருந்தது. அடியில் கரையான் ஏறாமல் படகுக்குப் பூசும் தார் பூசியிருந்தது. மேலே கொடிமரத்துக்குப் பூசும் வெள்ளை வர்ணம். பாதி மூஞ்சி, ஒரு கை, ஒரு சிறகு. பெயர் எழுதவில்லை. பெயர் இல்லாத பிள்ளைக்கு என்ன எழுதுவார்.

வர்ணம் புதிதாக இருந்தது. மழைக்கு முன் ஒரு தடவையும் பின் ஒரு தடவையும் பூசியிருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து பிலோமினாவிடம் சொன்னேன். சொல்லக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். முசியேயைத் தெருவில் வைத்துத் திட்டியதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, தொட்டில் செய்யச் சொன்னதே நாந்தாம்பா."

"இன்னாம்மா சொல்ற?"

"சாவி மாட்ற பலக செய்யறேன்னு படக் கட்ட கூடைல அனுப்பினாரு. நாந்தான் சம்மனசு படத்தக் காட்டி, தொட்டில் செஞ்சி குடுங்க மாமான்னேன். அம்மா கேட்டா திட்டுவாங்க, யாருக்கும் சொல்லாதீங்கன்னேன். சொல்லமாட்டேன்னு தொப்பி மேல அடிச்சி சத்தியம் பண்ணாரு."

"இத்தன நாள் ஏம்மா சொல்லல?"

"நீங்க அவரத் திட்டனது எனக்கு எப்படிப்பா தெரியும்? நா மயக்கத்துல கெடந்தேன். யாரு எங்கிட்ட சொன்னா?"

அன்று ஜன்னலை நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளையை இழந்து படுத்திருக்கிறவளைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்படியே எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ரம்பத்தின்மேல் பழைய சிவப்புக் கொடியைப் போர்த்தியிருந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். இருமல் வேறு. என்னைப் பார்த்ததும் எழுந்து தொப்பியைத் தேடினார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பிள்ளைகளைத் தினம் மன்னிப்புக் கேட்கவைக்கிற வாத்தியாருக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"முசியே, ஒரு தொட்டில் வேணும்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "பொறந்துடுச்சா?"

"இல்ல. இன்னும் மூணு மாசம் இருக்குது."

முகம் அப்படியே ஒடுங்கிவிட்டது. இரண்டு அடி பின்னால் போனார். "வேணாம் வாத்தியாரே. பொறக்கட்டும். பொறந்தப்பறம் எத்தினி தொட்டில் வேணா செஞ்சி தர்றேன்."

"அதெல்லாம் மூடநம்பிக்க முசியே. மரத்துக்கும் புள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நீங்கதான சொன்னீங்க."

"நா சொன்னது தப்பு. புத்தி கெட்டுப்போய் சொன்னேன்."

"இருக்கட்டும்," என்றார். ரம்பத்தின்மேல் இருந்த துணியை இழுத்து இன்னும் நன்றாக மூடினார். "ஆனா நெஜமா இருந்துட்டா?"

இத்தனை வருஷம் பௌதிகம் சொல்லிக்கொடுத்ததில் நான் சொன்னதை முழுக்க நம்பியவர் அவர் ஒருவர்தான் போலிருக்கிறது. கடலுக்குப் பயப்படாத மனிதர். ஒன்றரை வருஷமாக என் பேரனைத் தாம்தான் கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்த மதில் ஓரத்தில் புல் செதுக்கியிருக்கிறார்.

தை மாதத்தில் பிலோமினாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தெரு முனைவரை கேட்கும்படி அழுதது. நான் மாடிப்படியில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க, குழந்தையைவிடச் சத்தமாக அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து பார்த்தால், முசியே வீட்டுக் கம்பத்தில் கொடி ஏறியிருந்தது. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், அவரிடம் இருந்த அத்தனை துணியும் ஒரே கயிற்றில். முசியே வீட்டில் இருக்கிறார், தூங்குகிறார், கோபமாக இருக்கிறார், மழை வராது. ரொட்டிக்கார அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இன்னா சொல்றாரு இந்த ஆளு?" என்று கேட்டாள். அதற்குள் முற்றத்தில் ரம்பத்தின் சத்தம் கிளம்பிவிட்டது.

ஞானஸ்நானம் முடிந்த அன்று தொட்டிலைத் தாமே தலையில் சுமந்து வந்தார். தலைமாட்டில் சம்மனசு முழு முகத்தோடு இருந்தார். இரண்டு கை, இரண்டு சிறகு. ஆனால் முசியே இந்த முறையும் தாளை மடிக்கவில்லை. மறுபாதியைக் கண்ணால் பார்த்தே வரைந்திருக்கிறார். இடது சிறகு வலது சிறகைவிட மூன்று விரல் பெரிது.

"ஒரு ரெக்க பெருசா இருக்குதே முசியே," என்றேன்.

"கொழந்த வளரும்ல," என்றார்.

நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. நாளைக்குக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். போன ஐப்பசி அடைமழையில் இருமல் நெஞ்சில் இறங்கி நாலே நாளில் முசியே போய்விட்டார். பூசையில் சாமியார் ஒரு பெயரைச் சொன்னார். யாருடைய பெயர் அது என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதை இங்கே எழுதினால் எங்கள் தெருவில் யாருக்கும் ஆள் தெரியாது. சவப்பெட்டியில் அவருக்குக் கோட்டும், வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் அகப்பட்ட ஒரு கால்சட்டையும் போட்டிருந்தார்கள். கால்சட்டை நிஜமாகவே தைத்து வந்திருக்கிறது. ஒரு நாளும் போட்டதில்லை.

காரைக்காலிலிருந்து வந்திருக்கும் பேத்தி அந்தத் தொட்டிலில்தான் தூங்குகிறாள். இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்து போய், மூக்கருகே விரல் வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் பயம் என்னை விட்டுப் போகாது.

முசியேயை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, அவர் வீட்டு மாடியில் கம்பம் வெறுமனே நின்றது. கோவிலில் மணி அடித்துவிட்டார்கள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. நானே மேலே ஏறி ஒரு வெள்ளைக் கொடியைக் கட்டி, பாதிக்கு இறக்கினேன். தெருவுக்கு இறங்கி வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நாலு விரல் மேலே இருந்தது. திரும்ப ஏறினேன். ரொட்டிக்கார அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்கவில்லை. ஐந்தாவது தடவை இறங்கி வந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது.

"இப்ப சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் வாத்தியாரே," என்றாள். "அதெல்லாம் அவரு ஆபீசு."

நான் இன்னொரு தடவை ஏறினேன்.